புரோ வேண்டாம், ஹோம் போதும்



கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம் இருந்ததாம். ஒருநாள் அது விண்டோஸுக்குள்ளேயே போகாமல் நின்றுவிட, அருகில் இருந்த சர்வீஸ் கடையில் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்தபோது ஹோம் போய், புரோ வந்திருந்தது. "பெரிய எடிஷனே போட்டிருக்கேன் சார்" என்று கடையில் சொல்ல, இவரும் மகிழ்ச்சியோடு வாங்கி வந்துவிட்டார். சில மாதங்கள் கழித்துத் திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. எதைச் செய்தாலும் அது போகவில்லை. "ஹோமுக்கே திரும்பிவிடலாமா? கீழ் எடிஷனுக்கு இறக்கினால் பிள்ளையின் படிப்புக்கு ஏதாவது குறை வருமா?" என்று கேட்கிறார்.

ஐயா, தாராளமாகத் திரும்பலாம். குறை ஒன்றும் வராது. ஆனால் திரும்பும் வழியில் சில இடங்களில் கவனமாகக் கால் வைக்க வேண்டும். இதே கேள்வி இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும் என்று நினைப்பதால், அவருக்கான பதிலை இந்த இதழில் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் கணினியில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன். அங்கே 'டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்' என்று இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். வீட்டில் இருக்கும் லேப்டாப்புக்கு எந்த நிறுவனம்? நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள அலுவலகங்கள் மொத்தமாக லைசென்ஸ் வாங்கி, தங்கள் சர்வர் வழியாகவே எல்லாவற்றையும் ஆக்டிவேட் செய்துகொள்ள மைக்ரோசாஃப்ட் ஒரு முறை வைத்திருக்கிறது. கே.எம்.எஸ். என்பது அதன் பெயர். அப்படிப் பெறும் ஆக்டிவேஷன் 180 நாள்களுக்குத்தான் செல்லும். அதற்குள் கணினி மீண்டும் அந்த சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பரவலாகப் புழங்கும் கிராக்குகள் பல, இந்த அலுவலக சர்வரைப் போல நடிப்பவை. அதனால்தான் சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு, பிறகு மூலையில் அந்த எழுத்து முளைக்கிறது.

எழுத்து மட்டும்தான் தொல்லை என்றால் விட்டுவிடலாம். எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்தக் கிராக்கை ஓட்டுவதற்கு முன் விண்டோஸ் டிஃபெண்டரை அணைத்துவிடச் சொல்வார்கள், அல்லது கிராக் இருக்கும் ஃபோல்டரைப் பார்க்காதே என்று டிஃபெண்டருக்குச் சொல்லிவைப்பார்கள். யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரல், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு, ஆன்ட்டிவைரஸின் கண்ணை மூடிவிட்டு, பிள்ளையின் கணினிக்குள் குடியிருக்கிறது. அதே கணினியில்தான் அப்பா பேங்க் கணக்கைத் திறக்கிறார், அம்மா ஆதார் பி.டி.எஃப். இறக்குகிறார்.

சர்வீஸ் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு வரும் அத்தனை கணினிக்கும் ஒரே பென்டிரைவ்தான் அவரிடம் இருக்கிறது. அதில் புரோ இருக்கிறது. எந்தக் கம்பெனி லேப்டாப்பாக இருந்தாலும் அது ஏறிவிடும். வாடிக்கையாளர்களும் "புரோவா போட்டுக் கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடியில், இந்த மதர்போர்டுக்குள் என்ன லைசென்ஸ் இருக்கிறது என்று பார்க்க யாருக்கு நேரம்?

ஆனால் அங்கேதான் விஷயமே இருக்கிறது. விண்டோஸ் 7 காலம் வரை லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 25 எழுத்துகள் கொண்ட கீ அதில் அச்சாகியிருக்கும். கைபட்டுக் கைபட்டு அழிந்துபோனதை டார்ச் அடித்துப் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அந்தக் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள்ளேயே பதித்து அனுப்பும் முறைக்கு மாறிவிட்டார்கள். ஃபார்மட் அடித்தாலும், ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் அது போகாது. கோவில்பட்டித் தந்தை காசு கொடுத்து வாங்கிய ஹோம், அவருடைய லேப்டாப்புக்குள் இன்னும் பத்திரமாக இருக்கிறது. மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் புரோதான் அவருடையது இல்லை. சர்வீஸில் மதர்போர்டையே மாற்றியிருந்தால் மட்டும் கதை வேறு. அதைக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, புரோவில் உள்ளவற்றில் ஹோமில் இல்லாதவை எவை? அலுவலகத்தின் டொமைனில் கணினியைச் சேர்ப்பது, குரூப் பாலிசி எடிட்டர், பிட்லாக்கரின் முழு வசதி, ஹைப்பர்-வி, வெளியூரில் இருந்துகொண்டு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இந்தக் கணினிக்குள் நுழைவது. ஹோமிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையலாம். ஹோமுக்குள் அப்படி நுழைய முடியாது. ஹோம் 128 ஜி.பி. ராம் வரை ஏற்கும், புரோ 2 டி.பி. வரை. நம் வீட்டு லேப்டாப்பில் இருப்பது 8 அல்லது 16. வேகம் ஒன்றுதான். மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒன்றுதான். டிஃபெண்டர் ஒன்றுதான். தமிழ் 99 விசைப்பலகை இரண்டிலும் உண்டு. பொறியியல் மாணவிக்கு வேண்டிய லினக்ஸ் துணை அமைப்பு ஹோமிலும் ஓடும், அதன் மேல் டாக்கரும் ஓடும். மெய்நிகர் கணினி வேண்டுமென்றால் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே ஐயா, படிப்புக்கு ஒன்றும் குறையாது.

நம் நாட்டில் விற்கும் லேப்டாப்களில் பல 'ஹோம் சிங்கிள் லாங்வேஜ்' என்ற பதிப்போடு வருகின்றன. அதில் மெனுக்களும் அறிவிப்புகளும் ஒரே மொழியில்தான் இருக்கும். நினைத்தபோது வேறு மொழிக்கு மாற்றிக்கொள்ள முடியாது. தமிழில் தட்டச்சு செய்ய அது தடையில்லை. ஆனாலும் பல மொழி பேசும் ஒரு நாட்டுக்குப் பார்த்துப் பார்த்து ஒற்றை மொழிப் பதிப்பை அனுப்பியது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை.

இந்த எடிஷன் பிரிப்பு நெடுநாளாக இருப்பது. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது கடையில் ஹோம், புரொஃபஷனல் என்று இரண்டுதான் பெரிதாகப் பேசப்பட்டன. 2007-இல் விஸ்டா வந்தபோது ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட் என்று ஆறாகப் பெருகிவிட்டது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று ஒன்று சின்ன நெட்புக்குகளில் வந்ததே, அதில் டெஸ்க்டாப் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது. சொந்தக் காசில் வாங்கிய கணினியில் பிள்ளையின் படத்தை வைத்துக்கொள்ளக்கூட மேல் எடிஷனுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. விண்டோஸ் 7 ஹோம் பேசிக்கை இந்தியா போன்ற நாடுகளுக்கென்றே விற்றார்கள். இத்தனைக்கும் விஸ்டா டிஸ்க்கில் பல எடிஷன்களும் ஒன்றாகவே இருந்தன. நீங்கள் போடும் கீ எதுவோ, அது திறந்தது.

மேலே போவது இன்றைக்கும் அப்படித்தான். ஹோமில் இருப்பவர் அமெரிக்க விலையில் 99 டாலர் கட்டினால், புதிய கீ உள்ளே போய், ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகி, புரோவாகிவிடும். ஒரு ஃபைல்கூட அசையாது. அதே கணினியில் ஹோம் கீயைப் போட்டுக் கீழே வரப் பாருங்கள், ஏற்காது. மைக்ரோசாஃப்ட் ஏறுவதற்கு ஏணி போட்டது, இறங்குவதற்குப் போடவில்லை. புரோவிலிருந்து ஹோமுக்கு வர அவர்கள் சொல்லும் ஒரே வழி, புதிதாக இன்ஸ்டால் செய்வது.

இதற்கு அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புரோவில் டிரைவைப் பிட்லாக்கரால் பூட்டியிருக்கலாம், குரூப் பாலிசியில் பத்து மாற்றங்கள் செய்திருக்கலாம். அதையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு இறங்குவது சிக்கல்தான். ஆனால் முடியாத காரியமா? அலுவலகங்கள் சந்தா கட்டி வைத்திருக்கும் என்டர்பிரைஸ் எடிஷன், சந்தா நின்றுபோனால் குறிப்பிட்ட அவகாசத்துக்குப் பிறகு தானாகவே புரோவாக இறங்கிவிடுகிறது. யாரும் ஃபார்மட் அடிப்பதில்லை, ஃபைல்கள் போவதில்லை. விஸ்டா பிடிக்காமல் மக்கள் எக்ஸ்பிக்கே திரும்ப ஆசைப்பட்டபோதும், விஸ்டா பிசினஸும் அல்டிமேட்டும் வாங்கியவர்களுக்கு எக்ஸ்பி புரொஃபஷனல் போட்டுக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தார்கள். ஹோம் வாங்கியவர்களுக்கு அந்த உரிமை இல்லை. இறங்கும் வழி எப்போதும் பெரிய இடத்துக்கே கிடைத்திருக்கிறது. வீட்டில் கணினி வைத்திருப்பவருக்கும், மெனுவில் ஒரு பட்டனாக, ஃபைல்கள் போகாமல் இறங்கும் வழியைக் கொடுக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது காரியத்துக்கு வருவோம்.

'ரீசெட் திஸ் பி.சி.' கொடுத்தால் பழைய ஹோம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. புரோவில் ரீசெட் கொடுத்தால் புரோவே மறுபடி வரும். லேப்டாப் கம்பெனி வைத்த ரெக்கவரி பார்ட்டிஷன் அழியாமல் இருந்தால் அதன் வழியாக ஹோம் திரும்பலாம். ஆனால் கடையில் ஃபார்மட் அடிக்கும்போது பெரும்பாலும் அதையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். ரெஜிஸ்ட்ரியில் எடிஷன் பெயரைத் திருத்தி, 'இது ஹோம்தான்' என்று விண்டோஸை நம்பவைத்து, ஃபைல்களைக் காத்தபடியே மேலே இன்ஸ்டால் செய்யும் ஒரு தந்திரமும் உலவுகிறது. சிலருக்கு அது பலித்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஏற்காத வழி அது. தவிர, உங்கள் கணினியில் கிராக் ஓடியிருக்கிறது என்றால், அதை அப்படியே வைத்துக்கொண்டு மேலே பூசுவதில் என்ன பயன்? சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போடுவதே நல்லது.

துடைப்பதற்கு முன் பேக்கப். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். டாக்குமென்ட்ஸ், போட்டோ, டெஸ்க்டாப் எல்லோருக்கும் நினைவு வரும். நினைவு வராதவை சில உண்டு. கடை வைத்திருப்பவர்கள் டேலியைப் பாருங்கள். டேலி பிரைமின் கணக்குகள் வழக்கமாக சி டிரைவில், யூசர்ஸுக்குள் பப்ளிக் என்ற ஃபோல்டரில்தான் போய் உட்காரும். டாக்குமென்ட்ஸை மட்டும் எடுத்தவருக்கு அந்த வருடக் கணக்கே போய்விடும். டேலி லைசென்ஸையும் முதலில் சரண்டர் செய்துவிட்டு, புது விண்டோஸில் மறுபடி ஆக்டிவேட் செய்யுங்கள். அவுட்லுக் வைத்திருப்பவர்கள் மெயில் ஃபைலைத் தனியாக எடுத்துவையுங்கள். லேப்டாப்போடு வந்த ஆஃபீஸ் எந்த மெயில் ஐ.டி.யில் பதிவாகியிருக்கிறது என்று எழுதிவையுங்கள், அந்த ஐ.டி. இருந்தால்தான் அது திரும்பும்.

அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கும் தமிழில் நிறைய எழுதுபவர்களுக்கும் இன்னொன்று: ஃபான்ட். பழைய பாமினி, வானவில், டேப், டேம் எழுத்துருக்களில் வருடக்கணக்காகக் கோப்பு வைத்திருப்போம். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திறந்து பார்க்கும்போது பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை நகலெடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். விண்டோஸ் 10-இன் 2018 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து, ஒரு ஃபான்ட்டைச் சாதாரணமாக டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்தப் பயனருக்கு மட்டுமானதாக, அவருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய்விடுகிறது. ஆப்டேட்டா சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லி, உள்ளே லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள். நீங்கள் தேடித்தேடிச் சேர்த்த எழுத்துரு எல்லாம் அங்கே இருக்கும். எங்கள் லேஅவுட் பகுதியில் எந்தக் கணினியை ஃபார்மட் செய்தாலும் முதலில் இந்த ஃபோல்டர்தான் வெளியே வரும்.

பிட்லாக்கர் போட்டிருந்தால் அதை முழுதாக அணைத்து, டிரைவ் முழுவதும் பூட்டு நீங்கும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் அதையும் பாருங்கள். ஹோமிலும் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல புதிய லேப்டாப்களில் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். அதற்கான 48 இலக்க ரெக்கவரி கீ அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அந்த எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள்.

இன்ஸ்டால் செய்ய மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய மீடியா கிரியேஷன் டூலும், 8 ஜி.பி. பென்டிரைவும் போதும். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், முன்பே காலி செய்துகொள்ளுங்கள். லேப்டாப் கம்பெனியின் தளத்துக்குப் போய் வைஃபை டிரைவரையும், இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரையும் இறக்கி அதிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில், எங்கே போட வேண்டும் என்று கேட்கும் திரை காலியாக வரும். ஹார்ட் டிஸ்க்கே காட்டாது. எஸ்.எஸ்.டி. போய்விட்டது என்று பதறி, புதிதாக வாங்கியவர்களும் உண்டு. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும் டிரைவர்தான் இன்ஸ்டாலரிடம் இல்லை. அந்தத் திரையிலேயே இருக்கும் 'லோட் டிரைவர்' கொடுத்து, நீங்கள் எடுத்துவைத்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

அடுத்தது மனசுக்கு இதமான பகுதி. மதர்போர்டில் ஹோம் கீ இருக்கிறது அல்லவா? இன்ஸ்டாலர் அதைத் தானாகவே படித்துக்கொள்ளும். ஹோமா புரோவா என்று கேட்காமலேயே ஹோமை எடுத்துக்கொள்ளும். உங்களிடம் கீ கேட்காது, பணம் கேட்காது. பழைய பார்ட்டிஷன்களை நீக்கிவிட்டுக் காலி இடத்தில் போடச் சொன்னால் வேலை முடிந்தது. பெரும்பாலும் எல்லா டிரைவும் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும் என்பதால், டி டிரைவில் ஏதாவது இருந்தால் அதையும் முன்பே வெளியே எடுத்திருக்க வேண்டும்.

கடைசியில் இணையம் இருந்தால்தான் மேலே போவேன் என்று விண்டோஸ் 11 ஹோம் நிற்கும். வைஃபை டிரைவர் இல்லாமல் அங்கே மாட்டிக்கொண்டால், மொபைலை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் நெட் வந்துவிடும். டெஸ்க்டாப் வந்ததும் மறுபடி ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருக்கும்.

யார் இறங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பைத் தொடாதீர்கள், அது அவர்கள் பொறுப்பு. ஆடிட்டர் அலுவலகக் கணினிக்குள் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்பவர்களுக்கு, அலுவலகத்தில் உள்ள கணினி புரோவாகத்தான் இருக்க வேண்டும். புரோவை முறையாக விலை கொடுத்து வாங்கியவர்களும் காரணமின்றி இறங்க வேண்டாம். புரோ லைசென்ஸை வைத்து ஹோமை ஆக்டிவேட் செய்ய முடியாது. ஹோமுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். ஆனால் அப்படிப்பட்டவர் எப்போதாவது இறங்க நேர்ந்தாலும் அவருடைய புரோ உரிமை அந்தக் கணினியின் பெயரில் மைக்ரோசாஃப்ட்டிடம் பதிவாகவே இருக்கும், பிறகு திரும்பிப் போகலாம்.

கோவில்பட்டி ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். புது விண்டோஸ் ஏறியதும், கிராக் இருந்த காலத்தில் அந்தக் கணினியில் பயன்படுத்திய மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். மாற்றுவதை அந்தக் கணினி சுத்தமான பிறகு செய்யுங்கள், முன்பு வேண்டாம். அடுத்தமுறை எந்தக் கடையில் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் ஆக்டிவேஷன் பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "வாங்கும்போது என்ன எடிஷன் இருந்ததோ அதையே போடுங்க" என்று சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

சர்வீஸ் கடை நடத்தும் வாசகர்கள் நமக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய ஒரு பென்டிரைவை உங்கள் பையில் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி விண்டோஸோடு வந்த லேப்டாப்புக்கு அதைச் செருகினால், உள்ளே இருக்கும் கீயை அதுவே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கும் கிராக் போடும் நேரம் மிச்சம், ஆறு மாதத்தில் அதே வாடிக்கையாளர் திரும்பி வந்து நிற்பதும் இருக்காது. இப்படிச் செய்துவரும் கடைக்காரர்கள், வாடிக்கையாளர்களிடம் இதை எப்படி எடுத்துச் சொல்கிறீர்கள், என்னென்ன லேப்டாப்களில் சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்